மீட்டர் போட்ட அப்பா

“தும்மாதே!”

அனந்தலக்ஷ்மி போட்ட சத்தத்தில், பெங்களூர் ஜீவனஹள்ளியின் அந்தச் சந்தில் தும்மவிருந்த நாலு பேரும் தும்மலை விழுங்கிக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டு லாயிட்டுக்கு விழுங்கிய தும்மல் இன்றுவரை வெளியே வரவில்லை. மழைக்காலத்தில் காதுக்குள் கேட்கிறது என்கிறார்.

சத்தம் உண்மையில் ரூபினிக்குப் போட்டது. அடுப்படியில் மிளகாய் தாளித்துக்கொண்டிருந்த காந்தாவின் மருமகள், துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வழிய நின்றாள்.

“நல்ல காரியத்துக்குக் கெளம்புற நேரத்துல தும்முனா என்னாத்துக்கு ஆவுறது?”

“ஒண்ணும் ஆவாது அண்ணி... மிளகாக் கமறல்” என்றாள் காந்தா.

“உனக்கு ஒண்ணும் ஆவாதும்மா! நீ புத்தரைக் கும்புடுற வீட்டுலேர்ந்து வந்தவ. உங்க வீட்டுல சகுனமும் கிடையாது, ராகு காலமும் கிடையாது. பட்டது எல்லாம் நாங்கதானே!”

காந்தா சப்பாத்தியைத் திருப்பினாள். முப்பது வருஷமாகத் திருப்புகிறாள். அவள் இந்த வீட்டில் முதன்முதலாகக் காலடி வைத்த அன்று மாமனாரின் ரேடியோ நின்றுபோயிற்று. பேட்டரி தீர்ந்திருந்தது. ஆனாலும் புருஷனின் அக்காவான அனந்தலக்ஷ்மி அதைக் காந்தாவின் ராசி என்று எழுதி வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எதிர்வீட்டுக் கோழி முட்டையிடாமல் போனது, அல்சூர் ஏரி ஒரு கோடையில் வற்றியது, பெட்ரோல் விலை ஏறியது எல்லாமே அதே ராசியின் வேலைதான். காந்தா ஒருத்தியின் கால் கர்நாடகம் முழுவதையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு நல்ல காரியம் என்பது மகள் சங்கமித்ராவின் நேர்காணல். ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் ஓர் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரி. எலும்பையும் தசையையும் கையாலேயே தொட்டு, நீவி, சரிசெய்யும் வைத்தியம். மித்ராவின் பி.எஸ்ஸி. மார்க்கை அந்தக் கல்லூரிக்காரர்கள் பார்த்தபோது முதலில் கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறது என்றுதான் நினைத்தார்களாம். முதல் வருஷம் எழுபத்தெட்டு. இரண்டாம் வருஷம் முப்பத்தொன்பது, அதிலும் நாலு பாடத்தில் ஃபெயில். அரியரெல்லாம் எழுதி முடித்த பிறகும் கூட்டிக் கழித்தால் அவர்கள் கேட்கும் மார்க்கைத் தொடவில்லை. “குறைந்த மார்க்குக்கான காரணத்தை நேரில் வந்து விளக்கவும், பெற்றோரை அழைத்து வரவும்” என்று தகவல் வந்திருந்தது.

அந்தக் காரணம் காந்தாவுக்குத் தெரியும். அதனால்தான் சப்பாத்தி கருகிக்கொண்டிருந்தது.

வெளியே ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார் காந்தாவின் புருஷன் கோவிந்தன். பெங்களூரின் பள்ளங்கள் அத்தனையும் அவர் முதுகெலும்பில் வரிசையாகப் பதிவாகியிருந்தன. கண்ணைக் கட்டிப் பின்சீட்டில் உட்கார வைத்தாலும், இடுப்பில் விழும் அடியை வைத்தே இது டேனரி ரோடு, இது ஹென்னூர் ரோடு என்று சொல்லிவிடுவார். ரோட்டுப் பள்ளத்தைக் கணக்கெடுக்க வந்த யாரோ ஒருவர் நாள் முழுக்க வெயிலில் அலைந்து, கடைசியில் கோவிந்தனைச் சட்டையைக் கழற்றித் திரும்பி நிற்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு போனதாகவும் ஒரு பேச்சு உண்டு.

மித்ரா பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தினம் சாயங்காலம் அப்பாவின் முதுகைப் பிடித்துவிடுவாள். “என் பொண்ணு கை பட்டா ரோடே சமமாயிடுது” என்பார் கோவிந்தன். அந்த முதுகிலிருந்துதான் அவளுக்கு இந்தப் படிப்பின் மேல் ஆசை வந்தது.

அந்த முதுகை அவர் அவளிடம் காட்டி மூன்று வருஷமாகிறது. பேச்சும் கிடையாது. வழியில் எங்காவது கொண்டுபோய் விட வேண்டியிருந்தால் விடுவார். ஆனால் மீட்டர் போட்டுவிடுவார். இறங்கும்போது, எதிரே பார்த்தபடியே, பின்னால் கையை நீட்டுவார். பெற்ற மகளிடம் மீட்டருக்கு மேல் ஒரு பைசா கேட்காத ஆட்டோக்காரர் என்று ஸ்டாண்டில் அவருக்கு நல்ல பெயர்தான்.

“ஜல்தி வரச் சொல்லு. வெயிட்டிங் சார்ஜ் ஏறுது” என்றார் காந்தாவிடம்.

“பெத்த பொண்ணுங்க அது...”

“அந்த நெனப்பு அவளுக்கு இருந்திருக்கணும்.”

மித்ரா வெளுத்த சுடிதாரில் வந்து ஏறினாள். முகத்தில் ஒன்றுமில்லை. அவள் பக்கத்தில் காந்தா, அப்புறம் ரூபினி, அவர்களுக்கு மேலும் குறுக்கும் அனந்தலக்ஷ்மி. “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணு” என்று சொல்லிச் சொல்லியே முக்கால் சீட்டை அவள் எடுத்துக்கொண்டாள். நேர்காணலுக்கு அவளுக்கு அழைப்பில்லை. சகுனம் பார்க்க வீட்டில் வேறு ஆளில்லை என்பதால் வந்தாள்.

கோவிந்தன் மீட்டரைப் போட்டார். அந்தச் சின்னச் சத்தம் காந்தாவின் பிடரியில் ஊசியாக இறங்கியது. மூன்று வருஷமாக அவள் கழுத்து ஒரு பக்கம் திரும்புவதில்லை. யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவாள். யாரிடமும் சொன்னதில்லை.

வழியெல்லாம் அவள் மனசில் அந்த மூன்று வருஷம் ஓடிற்று.

மகன் முகேஷுக்கும் ரூபினிக்கும் நிச்சயதார்த்தம் ஆன மூன்றாம் நாள். லிஃப்ட் மெக்கானிக்கான முகேஷ், பைக் ஓட்டிக்கொண்டே ரூபினிக்கு ஏதோ மெசேஜ் அனுப்பிக்கொண்டு போய், நின்றுகொண்டிருந்த தண்ணீர் லாரியில் மோதினான். லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. முகேஷுக்குத் தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. அவன் சிநேகிதன் சுனில்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் காந்தாவுக்கு மட்டும் போன் செய்தான்.

கேட்ட மாத்திரத்தில் காந்தாவுக்கு எலும்பு ஞாபகத்துக்கு வரவில்லை. ரேடியோதான் வந்தது.

‘நிச்சயம் பண்ணி மூணு நாள்கூட ஆவல, மாப்பிள்ளை காலை முறிச்சிட்டா!’ என்று அண்ணி சொல்லப்போவது அவளுக்கு முன்கூட்டியே கேட்டது. கல்யாணம் நின்றாலும் நிற்கும். நிற்காவிட்டால் அதைவிட மோசம். இந்த ரூபினி ஆயுசு முழுக்க இந்த வீட்டில் ராசி கெட்டவளாக நடமாட வேண்டும். நான் பட்டது போதாதா? இன்னொரு பெண்ணும் படவா?

முகேஷ் ஹைதராபாத்துக்கு டிரெய்னிங் போயிருக்கிறான் என்று சொல்லிவிட்டாள். கோவிந்தனிடமும் அதையேதான். காலையில் அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அது அக்காவின் தட்டில் இருக்கும்.

கே.ஆர். புரத்தில் சுனிலின் அறை. கம்பி வைத்த காலோடு முகேஷ் அங்கே கிடந்தான். சுனிலோ காலையில் போனால் ராத்திரி வருகிறவன். கழுவிவிட, கஞ்சி கொடுக்க, காலை மெல்ல மடக்கிப் பழக்க ஓர் ஆள் வேண்டும். காந்தா வாசலைத் தாண்டினால் எங்கே, எதற்கு, எப்போது என்று அண்ணியிடம் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

“மித்ரா... ஒரு வாரம்டி. ஒரே ஒரு வாரம். நீ காலேஜ்ன்னு போனா யாரும் கேக்க மாட்டாங்க.”

ஒரு வாரம் நாலு மாதமாயிற்று. அவள் பரீட்சையும் அதற்குள் வந்து போயிற்று. கல்யாணத்தில் முகேஷ் நொண்டினான். புதுச் செருப்பு கடித்தது என்றார்கள். அந்தச் செருப்பு இன்னும் கடித்துக்கொண்டிருக்கிறது.

அதற்கு முன்பே, சுனில் வீட்டிலிருந்து மித்ரா வெளியே வருவதை அனந்தலக்ஷ்மியின் தோழி ஒருத்தி பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டாள். அன்று கூடத்தில் பஞ்சாயத்து.

“யார்றி அவன்?” என்று கேட்டார் கோவிந்தன்.

மித்ரா அம்மாவைப் பார்த்தாள். காந்தா அடுப்பைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஒரு கல்யாணம் நிற்கும். திறக்காவிட்டால் ஒரு மகளின் பெயர் போகும். அவள் திறக்கவில்லை. மித்ராவும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அப்போது ரூபினி புதுப்பெண். அப்புறம் ரூபினிக்கு ஒரு கரு கலைந்தது. அப்போது சொன்னால் இரண்டையும் முடிச்சுப் போடுவார்கள். இப்படியே தள்ளிக்கொண்டே வந்து, கடைசியில் மகள் இப்போது ஆட்டோவில் மீட்டர் போட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

கல்லூரி நேர்காணல் அறையில் டாக்டர் குளோரியா மட்டும் இருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரர், பேச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நிதானம். பெற்றோரை வரச்சொன்னால் ஒரு ஆட்டோவே உள்ளே வருவதைக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூடுதல் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். கோவிந்தன் உட்காரவில்லை. சவாரிக்காகக் காத்திருப்பவர்போலக் கதவோரம் நின்றார்.

“சங்கமித்ரா, முதல் வருஷம் நல்லா இருக்கு. மூணாவதும் பரவாயில்ல. நடுவுல என்ன ஆச்சு?”

“கவனக்குறைவு மேடம்.”

“உடம்பு சரியில்லையா? வீட்ல ஏதாவது...?”

“இல்ல மேடம். என் தப்புதான்.”

“கவனம் வேற பக்கம் போயிடுச்சுங்க” என்றாள் அனந்தலக்ஷ்மி, பெருமூச்சோடு. “வயசு அப்படி...”

டாக்டர் குளோரியா பேனாவை மூடி வைத்தார்.

“பாரும்மா. மார்க் கம்மியா இருக்கறவங்களை நாங்க கூப்பிடறதே, அதுக்குப் பின்னால ஒரு நியாயம் இருக்குமான்னு பார்க்கத்தான். நாளைக்கு ஒருத்தர் கழுத்து உன் கையில இருக்கும். அங்க கவனக்குறைவுக்கு அரியர் கிடையாது. உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. ஆனா இந்த சீட்டை என்னால குடுக்க முடியாது.”

“தேங்க்ஸ் மேடம்” என்று மித்ரா எழுந்துவிட்டாள். அழவில்லை. அதுதான் காந்தாவைக் கொன்றது. மூன்று வருஷத்துக்கு முன் கூடத்தில் நின்றபோதும் இதே முகம். அன்றும் இந்தப் பெண் ஒரே ஒரு தடவைதான் அம்மாவைப் பார்த்தாள். இன்று அதுகூட இல்லை. பார்த்துப் பயனில்லை என்று பழகிவிட்டிருந்தாள்.

“அவ பொய் சொல்றா மேடம்!”

தன் குரல் அவ்வளவு பெரியது என்று காந்தாவுக்கே அன்றுதான் தெரிந்தது. ஜன்னலோரத்துப் புறா ஒன்று எழுந்து, ஒசூர் போய்த்தான் உட்கார்ந்தது.

“அம்மா, வேணாம்...” என்றாள் மித்ரா. “ரூபினி அண்ணி இருக்காங்க...”

“இருக்கட்டும்டி! இன்னும் எத்தனை நாளைக்கு நீ மத்தவங்களுக்காகப் பொய் சொல்லுவ? மேடம்... இவ எந்தப் பையன் பின்னாடியும் போவல. இவ அண்ணன் காலு ஒடைஞ்சு கெடந்தான். பீ மூத்திரம் அள்ளுனா மேடம் எம் பொண்ணு! நாலு மாசம்! பரிச்சை அன்னிக்குக் காலைலகூட, ‘அம்மா, அண்ணனுக்குக் காய்ச்சல் அடிக்குது, நான் என்னா பண்றது’ன்னு போன் பண்ணா. நான்... நான் என்னா சொன்னேன் தெரியுமா மேடம்? ‘பரிச்சை அடுத்த வருசமும் வரும்டி’ன்னு சொன்னேன்... பெத்தவ சொல்ற பேச்சா அது?”

காந்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“மருமவளை யாரும் ராசி கெட்டவன்னு சொல்லிடக் கூடாதுன்னு பயந்தேன். அந்தப் பேரு எனக்கு இருக்கு. அது எப்படி வலிக்கும்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பதிலா எம் பொண்ணுக்கு அதைவிடக் கேவலமான பேரை வாங்கிக் குடுத்துட்டேன். அவ கேக்கவே இல்ல மேடம்... ஒரு நாள்கூட ஏம்மா இப்படிப் பண்ணன்னு கேக்கல...”

கதவோரத்தில் நின்ற கோவிந்தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். 

டாக்டர் குளோரியா மித்ராவைப் பார்த்தார். “இது உண்மையா?”

மித்ரா தலையசைத்தாள்.

“அண்ணன் இப்ப நடக்கிறாரா?”

“நடக்கறான் மேடம். கொஞ்சம் சாய்வா.”

“ம்.” டாக்டர் பேனாவைத் திறந்தார். “காரணம் தெரிஞ்சதால மார்க் கூடிடாது. அதை நான் ஏமாத்த மாட்டேன். இங்க ஒரு வருஷ ஆயத்த வகுப்பு இருக்கு. அதுல உடற்கூறுலயும் உடலியல்லயும் அறுபதுக்கு மேல வாங்கினா, அடுத்த வருஷம் உனக்கு சீட் உண்டு. ஆனா ஒரு கண்டிஷன்.” இப்போது காந்தாவைப் பார்த்தார். “இந்த ஒரு வருஷமும் இவளை யாரும் எந்த வேலைக்கும் அனுப்பக் கூடாது. ஒரு வாரம்னுகூடக் கேக்கக் கூடாது.”

காந்தா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்கத் தெரியாமல் வராந்தாவரை அப்படியே வந்தாள்.

வராந்தாவில் ரூபினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ மன்னிக்கணும்மா... உங்கிட்ட மறைச்சு...”

“என்னாத்தை மறைச்சீங்க அத்தை?” என்றாள் ரூபினி, மூக்கை உறிஞ்சி. “அவருக்கு ஒரு காலு அரை இஞ்ச் கம்மி. பேன்ட்டை டெய்லர்கிட்ட குடுக்கறது யாரு? நானு! தொடையில இவ்ளோ நீளத்துக்குத் தையல் இருக்கு; செருப்பு கடிச்சதுன்னா கடிச்சது செருப்பா, சிறுத்தையா? கல்யாணத்துக்கு முந்தி ஊனத்தை மறைச்சுட்டீங்க, வெளியே தெரிஞ்சா உங்களுக்கு மானம் போவும்னுட்டுதான் நான் வாயைத் தொறக்கல. ஆனா மித்ராதான் பார்த்துக்கினான்னு தெரியாது அத்தை... அந்தாளு எங்கிட்டகூடச் சொல்லல. வீட்டுக்கு வரட்டும், இன்னொரு காலையும் அரை இஞ்ச் கம்மி பண்ணிடறேன்.”

எல்லாரும் அனந்தலக்ஷ்மியைப் பார்த்தார்கள். முப்பது வருஷமாகக் காந்தா பயந்த அந்த வாய் இப்போது திறக்கப்போகிறது.

அனந்தலக்ஷ்மி கண்ணை மூடி, விரல் விட்டு ஏதோ எண்ணினாள்.

“தண்ணி லாரியிலயா மோதுனான்?”

“ஆமா அண்ணி...”

“கழுத்துக்கு வந்தது காலோட போயிருக்கு!” என்றாள் அவள். “நிச்சயம் ஆயிருந்ததாலதான் தப்பிச்சான். இந்தப் பொண்ணு ராசிக்காரி! அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கல்யாணத்தை இன்னும் ஒரு மாசம் முன்னாடியே வெச்சிருப்பேனே?”

காந்தா அண்ணியின் வாயையே பார்த்தாள். இவ்வளவுதானா? இந்த ஒரு வாய்க்குப் பயந்தா மகளின் மூன்று வருஷத்தைக் கொடுத்தேன்? ஒரு திட்டு விழுந்திருந்தால்கூட நெஞ்சு ஆறியிருக்கும். யாரும் திட்டவில்லை.

“மித்ரா... என்னைத் திட்டுடி... ஒரு வார்த்தையாச்சும் திட்டு!”

“திட்டறதுக்கு நேரமில்லம்மா” என்றாள் மித்ரா மெல்ல. “எனக்கு ஒரு வருஷந்தான் இருக்கு.” பிறகு, நடந்துகொண்டே, “அன்னிக்கு நீ அடுப்பைப் பார்த்தியே... அதை மட்டும் மறக்க முடியலம்மா” என்றாள்.

கோவிந்தன் ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். எல்லாரும் ஏறினார்கள். வண்டி கிளம்பிற்று. கல்லூரி வாசல் போயிற்று, மேம்பாலம் போயிற்று. காந்தா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இருண்டு கிடந்தது. கண்ணாடியில் கோவிந்தனின் முகம் நனைந்திருந்தது; மழை இல்லாத நாள் அது. வழக்கமாக ஒரு பள்ளத்தையும் விடாமல் பேர் சொல்லித் திட்டும் மனுஷன், அன்று ஜீவனஹள்ளி வரை ஒரு பள்ளத்தையும் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் சட்டையைக் கழற்றினார். கூடத்தின் நடுவில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார். தரையைப் பார்த்தே பேசினார்.

“மித்ரா...”

மூன்று வருஷமாக அந்தப் பெயரை அவர் சொல்லவில்லை. நாக்கு கொஞ்சம் தடுக்கிற்று.

“வந்து பாரும்மா... ஊருல ரோடு ரொம்பக் கெட்டுப்போச்சு.”

மித்ரா மண்டியிட்டு உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்ததும் அவள் தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு அவர் முதுகும் குலுங்கியது. “இங்க வலிக்குதாப்பா?” “அது ஹென்னூர் ரோடு... அங்க இல்லம்மா... எங்க வலிக்குதுன்னு எனக்கே தெரியல... அப்பனை மன்னிச்சுடும்மா...” என்று பாயில் முகத்தை அழுத்திக்கொண்டு அந்த மனிதர் சின்னப் பிள்ளையாக அழுதார். அனந்தலக்ஷ்மி, சுபநேரத்தில் அழக் கூடாது என்று சொல்ல வாயெடுத்துத் தானும் அழுதாள்.

காந்தா அடுப்படி வாசலில் நின்றாள். உள்ளே வர அவளுக்குக் கால் வரவில்லை. அவர்கள் இருவரும் சேர்ந்தாகிவிட்டது. பிரித்தவள் அந்தப் பக்கம் நிற்பதுதான் சரி என்று நினைத்தாள். சப்பாத்திக் கல்லைக் கழுவப் போனாள்.

“அம்மா, இங்க வா.”

முழு உடம்போடு திரும்பினாள்.

“இப்படித்தான் மூணு வருஷமாத் திரும்பற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வந்து உக்காரு.”

“எனக்கு எதுக்குடி... நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு...”

“மூஞ்சி வேணாம். கழுத்து போதும்.”

காந்தா வந்து மகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். இளம் விரல்கள் பிடரியில் தேடின, இறுகிப்போன இடத்தைக் கண்டுபிடித்து நின்றன, மெல்ல அழுத்தின. காந்தாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“வலிக்குதாம்மா? விட்டுடட்டா?”

“வலிக்கட்டும்டி...” என்றாள் காந்தா, கண்ணீர் மடியில் சொட்ட. “விடாதே. இன்னும் கொஞ்சம் அழுத்து...”